கார்ல் நீல்சனின் வயலின் கொன்சேர்ட்டோ: வர்க்கமும் வடிவமும்

கொன்சேர்ட்டோ என்னும் இசைவடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூர்ஷ்வா தனிமனிதவாதத்தின் அரங்காக வளர்ந்தது. வாத்தியக் குழு பின்னணியாக ஒதுங்க, தனிக்கலைஞன் வீரநாயகனாக முன்னிற்பான். டென்மார்க்கின் கார்ல் நீல்சன் (1865–1931) 1911இல் இவ்வடிவத்தைக் கையாண்டபோது அதற்கு யாது நேர்ந்தது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா.

நீல்சனின் தந்தை ஃபியூன் தீவின் கிராமமொன்றில் வீடுகளுக்கு வண்ணம் பூசிய தொழிலாளி. திருமணங்களில் வயலின் வாசித்தவர். மைந்தர் பதினான்காவது வயதில் ஒடென்ஸ் இராணுவ வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். 1889 முதல் 1905 வரை கொப்பன்ஹேகன் அரச வாத்தியக் குழுவில் இரண்டாம் வயலின் வரிசையில் ஊதியத்துக்கு வாசித்தார். கூட்டிசையை அதன் உள்ளிருந்து, உழைப்பாக அறிந்தவர் அவர்.

கிறீக்கின் துணைவியார் நீனாவின் அழைப்பை ஏற்று, நோர்வேயின் பேர்கன் நகருக்கு அருகே நீல்சன் தொடங்கிய இப்படைப்பு, 1912 பெப்ரவரி 28இல் கொப்பன்ஹேகனில், அவரே நெறிப்படுத்த, பேடர் மூலரின் வாசிப்பில் அரங்கேறியது. வழமையான மூன்று பகுதிகளுக்குப் பதிலாக இரு பெரும் பகுதிகள். ஒவ்வொன்றும் மந்தகதியில் தொடங்கி விரைகதியை அடையும். முதற்பகுதியில் நாயகனுக்குரிய இடம் தாராளமாகவே வழங்கப்படுகின்றது. குழுவின் ஒரே முழக்கத்தை அடுத்து வயலின் கட்டற்றுப் பேசத் தொடங்கும். அதன் விரைகதிக்கு நீல்சன் இட்ட குறிப்பே ‘வீரமறவர் பாங்கில்’ என்பதாகும். இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் பாக்கின் பெயரெழுத்துக்களாகிய ஸ்வரங்களை ஓபோ இசைக்கின்றது. பின்வரும் ரொண்டோவோ திகைப்பூட்டும் உச்சத்தை நாடாது, குறும்பும் நிதானமும் கலந்த நடனமாக நடைபோடுகின்றது.

இறுதிப் பகுதி வலுவிழந்தது எனக் குறை காண்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கும் செவிக்கே அது வலுவின்மையாகத் தோன்றும். அதேவேளை, ‘ஏழையின் மகன், ஆதலால் மக்கள் இசை’ என்ற வாய்பாட்டையும் நாம் ஏற்பதற்கில்லை. அதே ஏழையின் மகனே வீரமறவர் பாங்கையும் படைத்தார். ரொண்டோவிலும் தனிவாசிப்புக்கான இடத்தை அவர் அகற்றிவிடவில்லை. நாயகனை அழிக்காது, அவனது குரலைப் பலருள் ஒன்றாக்க முயல்வதே இப்படைப்பின் உள்முரண்பாடு. அம்முரண்பாடு தீர்க்கப்படவில்லை, நேர்மையாக ஒலிக்கவிடப்பட்டுள்ளது.

சொல்லற்ற கலையிலே வர்க்க உள்ளடக்கம் கருப்பொருளாக வெளிப்படுவதில்லை. ஒலிகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவாகவே வெளிப்படுகின்றது. அதனை ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பில் மட்டும் தேடும் திறனாய்வு, மார்க்சியத்தின் பெயரைத் தாங்கினும், இசையைக் கேளாத திறனாய்வேயாகும்.