வெண்மணியும் காமிராவும்

ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) படத்தில், 1965-66ல் இந்தோனேஷியாவில் கொன்றவர்கள் தம் கொலைகளைத் தாமே நடித்துக் காட்டுகிறார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

கீழ்வெண்மணி வேறு. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வசதிபடைத்த மிராசுதார்கள் தாமே நேரில் போய்த் தீவைத்திருப்பார்களா என்று சந்தேகித்து, 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கோபாலகிருஷ்ண நாயுடு 1980ல் கொல்லப்பட்டார். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ (2005) வந்தபோது, காமிராமுன் நிறுத்த அவர் இல்லை.

இதைக் குறை என்பது சோம்பேறி விமர்சனம். குற்றவாளியின் முகத்தைப் பார்த்துவிட்டால், அவன் வேறு நாம் வேறு என்று தப்பித்துக்கொள்ளலாம். அந்தச் சந்தேகம் நீதிமன்றத்துடையது மட்டுமல்ல. பெரியமனுஷர்கள் இதையெல்லாம் செய்யமாட்டார்கள் என்று நாம் தினமும் நம்புவதுதான். காமிரா திரும்பவேண்டிய இடம் அது.