பட்டியலும் பாத்திரமும்: வலுவிழந்தோர் கொடுப்பனவு குறித்து ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனம் காவியங்களையும் நாவல்களையும் மட்டுமே தனக்குரிய பொருளாகக் கொள்ளவேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. ஒரு சமுதாயம் தன் உறுப்பினரை எவ்வாறு நோக்குகிறது என்பதை அதன் கவிதை புலப்படுத்துவது போலவே அதன் விண்ணப்பப் படிவமும் புலப்படுத்தும். சில வேளைகளிற் கவிதையினும் தெளிவாகவே புலப்படுத்தும். கவிஞன் தான் அறியாமலே தன் காலத்தின் கருத்துநிலையைக் காட்டிவிடுகிறான் என்று நாம் வகுப்பறைகளிற் பேசி வந்திருக்கிறோம். படிவத்தை எழுதும் உத்தியோகத்தருக்கும் இது பொருந்தும். 2023 யூலை மாதம் நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தை அத்தகையதொரு பனுவலாகக் கொண்டு, அதில் வலுவிழந்த மனிதர் பெறும் இடத்தை நம் பழைய இலக்கியங்கள் அவருக்கு அளித்த இடத்தோடு ஒப்பவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. நோக்குவதற்குரிய இடமாக வங்காலையைத் தெரிந்துள்ளோம். தலைநகரில் இருந்து படிக்கும்போது நேர்த்தியாகத் தோன்றும் வாக்கியங்கள் சில, கடற்கரையில் நின்று படிக்கும்போது வேறு பொருள் தருகின்றன.

மன்னார் நகருக்குத் தெற்கே, சிலாவத்துறைக்குச் செல்லும் வழியில், பெருநிலத்தின் கரையோரமாக அமைந்த கத்தோலிக்க மீனவக் கிராமம் வங்காலை. நிர்வாக முறையில் அது நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. அவ்வூரின் நடுநாயகமாக விளங்குவது புனித அன்னாள் ஆலயம். அதன் பங்குத்தந்தையாயிருந்த மேரி பஸ்தியான் அடிகளார் 1985 சனவரியிற் கொல்லப்பட்டார். 2006 யூனில் ஒரு குடும்பத்தினர் நால்வர், குழந்தைகள் இருவர் உட்பட, தம் வீட்டினுள்ளேயே கொல்லப்பட்டனர். இத்தகைய ஊர்களில் வலுவிழப்பு என்பது பெரும்பாலும் பிறவியின் பயனன்று, வரலாற்றின் பயன். எறிகணையும் மிதிவெடியும் ஒரு பகுதியைத் தந்தன. தொழிலும் ஒரு பகுதியைத் தந்தது. சங்குக்கும் கடலட்டைக்குமாக ஆழத்தில் மூழ்குவோர், காற்றுக் கொள்கலத்துடன் நெடுநேரம் கீழே தங்கியபின் விரைந்து மேலெழுந்தால், குருதியில் வாயுக் குமிழிகள் தோன்றி முள்ளந்தண்டைத் தாக்கும். இடுப்பின் கீழ் உணர்வற்றுப் போகும். மன்னார்க் கடலோரத்தில் இத்தகையோரைக் காண்பது அரிதன்று. ஆயினும் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஈழத்துச் சிறுகதைகளைத் தேடிப் புறப்படுபவர் வெறுங்கையுடனேயே திரும்ப நேரிடலாம். கடலைப் பாடிய நாம் கடலால் முடக்கப்பட்டவனை அதிகம் பாடவில்லை.

இனித் திட்டத்திற்கு வருவோம். இதன் சட்ட அடிப்படை 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். இருபது ஆண்டுகள் பெரும்பாலும் உறங்கிக் கிடந்த அச்சட்டம், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின் பின்னரே விழித்தெழுந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவி உடன்பாடு ஏற்பட்டது. சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி குடும்பங்கள் நான்கு படிகளாக நிறுத்தப்பட்டு, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. இப்படிகளுக்குப் புறம்பாக, வலுவிழந்தோர் சுமார் 72,000 பேருக்கு மாதம் 5,000 ரூபா என்று ஒதுக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏதேனுமொரு வகை இயலாமையுடன் வாழ்வோர் 16 இலட்சத்தினர், அதாவது 8.7 வீதத்தினர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தாலே போதும். 16 இலட்சத்தினரில் எல்லோருக்கும் கொடுப்பனவு தேவை என்று எவரும் வாதிடார். சிறு பார்வைக் குறைபாடும் அத்தொகையில் அடங்கும். எனினும் 72,000 என்பது தேவையை அளந்து பெற்ற எண்ணாகத் தோன்றவில்லை. பணப்பெட்டியை அளந்து பெற்ற எண்ணாகவே தோன்றுகின்றது.

பெயர்ப்பட்டியல் வெளியானபோது எழுந்த கொந்தளிப்பை நாடறியும். பட்டியலில் இடம்பெறாதோரும் கீழ்ப்படியில் வைக்கப்பட்டோரும் சமர்ப்பித்த மேன்முறையீடுகள் சில வாரங்களிலேயே ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கு என்ற வேறுபாடின்றிப் பிரதேச செயலகங்களின் வாசல்களில் மக்கள் கூடினர். அக்கோபத்தை வெறும் பணத்தாசை என்று ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. அது மேலோட்டமான வாசிப்பு.

வலுவிழந்தோரைப் பொறுத்தவரை வெட்டு என்பது இரண்டு விதமாக நிகழ்ந்தது. ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. நெருக்கடிக்கு முன்னரே 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு, 2022 செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிய பின்னரும் அதே 5,000 ரூபாவாகவே நின்றது. எவரும் கையொப்பமிடாமல், எந்த வர்த்தமானியிலும் அச்சேறாமல் நடந்த குறைப்பு இது. அரிசிக்கடையில் மட்டுமே அது அறிவிக்கப்பட்டது. மற்றையது நுட்பமானது; நமது விமர்சனத்திற்குரியதும் அதுவே. புதிய திட்டத்தின் கதாநாயகன் தனிமனிதன் அல்லன், குடும்பம். வலுவிழப்பு அங்கே சுகாதாரம் என்னும் துறையின் கீழ் ஒரு குறிகாட்டியாக ஒடுங்குகிறது. குடும்பத்தின் வறுமையை அளக்க உதவும் பல அடையாளங்களில் ஒன்றாகிறது. தனிக் கொடுப்பனவும் வறுமையின் நிழலிலேயே வழங்கப்படுகிறது.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வங்காலையில் ஒரு வீடு. தந்தை கடலில் முடங்கியவர். மகன் பிறர் படகிற் கூலிக்குப் போகிறான். போருக்குப் பின் கிடைத்த உதவியில் எழுந்த கல்வீடு இருக்கிறது, ஓடு வேய்ந்தது, மின்சாரமும் உண்டு. தந்தை தொழில் செய்த காலத்துப் படகும் கரையிற் கிடக்கிறது, அவர் பெயரிலேயே. இவற்றையெல்லாம் எண்ணிக்கையிற் சேர்த்தால் இது வறிய குடும்பம் அன்று என்று விடை வரக்கூடும். ஆனால் அவரை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வேண்டும். அவரைத் தூக்கவும் கழுவவும் மனைவி வீட்டிலேயே இருக்கவேண்டும், ஆகவே அவள் கருவாட்டு வாடிக்குக் கூலிவேலைக்குச் செல்ல இயலாது. அவ்வீட்டின் செலவு அயல்வீட்டின் செலவன்று. இருப்பதை எண்ணும் குறிகாட்டிகள், இருப்பது எவ்வாறு கரைகிறது என்பதை எண்ணுவதில்லை. வறுமை வேறு, வலுவிழப்பின் விலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இப்பனுவலின் அடிப்படைக் குறைபாடு.

பிரித்தானியாவிற் சுயாதீனக் கொடுப்பனவு எனப்படும் முறை, வருமானத்தைப் பாராது வலுவிழப்பினால் வரும் மேலதிகச் செலவை ஈடுசெய்வது. அதனைப் பெறும் தகுதியை இறுக்க அங்குள்ள அரசாங்கம் 2025 இல் முயன்றபோது, ஆளுங்கட்சியின் உறுப்பினர்களே நூற்றுக்கு மேற்பட்டோர் எதிர்த்தெழ, யூலை முதலாந் திகதி அவ்விதியை மீளப்பெற நேர்ந்தது. செல்வந்த நாட்டின் கதை என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அங்கு நடந்த வாதம் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றியது. இங்கு நாம், எதற்காகக் கொடுக்கிறோம் என்ற வினாவையே இன்னும் தொடவில்லை.

இம்மயக்கம் நாணய நிதியத்துடன் கப்பலேறி வந்ததா? அவ்வாறு சொல்வது நமக்கு வசதியானது, உண்மையன்று. நமது பண்பாட்டின் அடியிலும் அது கிடக்கிறது. புறநானூற்றின் 28 ஆம் பாட்டில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறப் புகுந்து, பார்வையற்றோர், உருவமற்ற பிண்டம், கூனர், குறளர், பேசாதார், கேளாதார் என்று தொடங்கி எட்டு வகைப் பிறவிகளை எண்ணி, இவை பயனற்றவை என அறிந்தோர் உரைத்ததாகக் கூறுகிறார். அரசன் அறவழியிற் செல்லவேண்டும் என்பதே பாட்டின் குறிக்கோள். நல்ல குறிக்கோள்தான். ஆனால் அக்குறிக்கோளுக்கு ஏணியாக எட்டு வகை மனிதர் மிதிக்கப்படுகின்றனர். உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் இதனைக் கண்டும் காணாதது போலக் கடந்து சென்றுள்ளமை ஆராயத்தக்கது. வகைப்படுத்திப் பட்டியலிடும் பழக்கம் படிவங்களோடு தொடங்கவில்லை.

சொற்களின் வரலாறும் இத்தகையதே. அங்கவீனர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், விசேட தேவையுடையோர் என்றோம், தமிழகத்தில் 2010 இல் வழக்கிற்கு வந்த மாற்றுத்திறனாளி என்பதை இன்று நாமும் ஏற்றுள்ளோம். சொல் மாறியது நன்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமோ வலுவிழந்தவரை, வாழ்க்கைத் தேவைகளைத் தாமே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்றே வரையறுத்தது. அவர் ஏறமுடியாத படிக்கட்டு அவ்வரையறையில் இல்லை. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயம், சமூகம் எழுப்பும் தடையையும் வரையறைக்குள் கொணர்ந்தது. ஏற்றுறுதி செய்த பின்னரும் பழைய வரையறையின் மனப்பாங்கே படிவங்களை எழுதிக்கொண்டிருக்கிறது.

நவீன இலக்கியம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) ஊனமுற்ற பிச்சைக்காரர்களை வைத்து வாணிபம் செய்பவனின் உலகைக் காட்டுகிறது. அங்கு அம்மனிதர்களுக்குப் பெயர் 'உருப்படி'. அச்சொல்லின் குரூரம் வாசகனைத் திடுக்கிடச் செய்வது. உடலின் குறை முதலாகும் சந்தையை அந்நாவல் ஈவிரக்கமின்றிச் சித்திரித்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சந்தைக்கு வெளியே அவர்கள் எதனைக் கோரலாம் என்ற வினா அந்நாவலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கென் லோச் இயக்கிய 'நான், டானியல் பிளேக்' (2016) என்னும் திரைப்படம் அவ்வினாவிலேயே தொடங்குகிறது. இருதய நோயுற்ற தச்சன் ஒருவன், உழைக்கத் தகுதியுள்ளவன் என்று அலுவலகத்தாற் புள்ளியிடப்பட்டு, மேன்முறையீட்டிற்குத் திகதி கேட்டு அலைந்து, இறுதியில் அலுவலகச் சுவரில் தன் பெயரையும் கோரிக்கையையும் எழுதுகிறான். கலையழகில் அதனை மிஞ்சிய படங்கள் பல உண்டு. எனினும் மேன்முறையீடு செய்த ஒன்பது இலட்சத்தினரில் எவருக்கும் அக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். சமுர்த்தியின் பட்டியல் கட்சிக்காரரின் விருப்பத்திற்கேற்ப நீண்டது, குறுகியது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலத்தது; பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதிற் பிழையில்லை. வலுவிழந்தோர் கொடுப்பனவு 2024 இல் 7,500 ரூபாவாகவும், 2025 இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நாணய நிதிய உடன்பாடே சமூகப் பாதுகாப்புச் செலவிற்கு ஒரு கீழெல்லையை விதித்திருந்தது. இவற்றை மறைப்பது விமர்சன நேர்மையாகாது. தொகை உயர்ந்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் தொகை உயர்ந்தமையால் மட்டும் பனுவலின் கதாநாயகன் மாறிவிடவில்லை. கொடுக்க எங்கே பணம் என்பதே எஞ்சியிருக்கும் வாதம். பெட்டி நிறைந்தபின் கொடுப்போம் என்பது அதன் உட்பொருள்.

இவ்வாதத்திற்கு 'மணிமேகலை'யிற் பதில் உண்டு என்பது எமது துணிபு. ஆபுத்திரன் கதையென்றால் நம் நினைவில் எழுவது அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அவனது இறுதிக்காலத்தை மணிபல்லவத்தோடு காவியம் பிணைத்திருப்பதால், அத்தீவை நயினாதீவென்று கருதும் நமக்கு அவன்பால் உறவுரிமையும் உண்டு. இந்திரனின் சூழ்ச்சியால் மழை பெய்து நாடு செழிக்க, உண்பார் எவரும் இன்மையாற் பாத்திரம் பயனற்றுப்போனது என்கிறார் சாத்தனார். கொடை நின்றதற்கு அங்கே காரணம் தேவை நின்றமை. 2023 இல் நின்றது தேவையன்று.

ஆனால் நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி பாத்திரம் கிடைப்பதற்கு முற்பட்டது. ஊரால் விலக்கப்பட்டு மதுரைக்கு வந்த ஆபுத்திரன் சிந்தாதேவியின் கோயிலில் தங்குகிறான். அவன் கையில் அமுதசுரபி அப்போது இல்லை. பிச்சை ஓடு ஒன்றே உள்ளது. செல்வர் மனைதொறும் இரந்து பெற்றதைக் கொணர்ந்து, பார்வையற்றோரையும் கேளாதோரையும் கால் முடங்கியோரையும் ஆதரவற்றோரையும் நோயுற்றோரையும் அழைத்து முதலில் உண்பிக்கிறான். எந்த ஊர், எந்தக் குடும்பம், வீட்டின் கூரை ஓடா ஓலையா என்று அவன் வினவியதாகச் சாத்தனார் எழுதவில்லை. அவர்கள் உண்டு எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறான்.