ராஜா கையில் தட்டு

மகாளய அமாவாசை கழிந்த கையோடு குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால், திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகும் கடற்கரைச் சாலையில் அடுத்த பத்து நாளுக்கு யார் யாரென்று சொல்ல முடியாது. ஆலந்தலை விலக்கில் ஒரு சாயங்காலம் நின்றால் தெரிந்துவிடும். டவுன் பஸ்ஸிலிருந்து எமதர்மன் பாசக்கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குவான். டீக்கடை பெஞ்சில் அனுமார் வாலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு காப்பியை ஊதி ஊதிக் குடிப்பார். நரைத்த மீசையோடு ஒரு மணப்பெண் கண்டக்டரிடம் மீதிச் சில்லறைக்கு மல்லுக்கு நிற்பாள். உள்ளூர்க்காரர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயைப் பிளந்து பார்த்தால் அவர் வெளியூர்.

தூத்துக்குடி வட்டாரத்தில் கலைவிழாவுக்குப் பஞ்சம் கிடையாது. 2022 ஜூலையில் தூத்துக்குடி எம்.பி. கனிமொழி முன்னின்று தொடங்கிய 'நெய்தல்' கலைவிழா நகரத்துக்குள் கரகத்தையும் பறையையும் விளக்கு வெளிச்சத்தில் மேடையேற்றியது. 2007-இல் சென்னை சங்கமத்தில் பார்த்த அதே அச்சுதான். கலைஞர்களுக்கு மரியாதை கிடைத்தது, சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் நெரிந்தது, நல்ல காரியம். பனிமய மாதாவின் தங்கத் தேர் இருக்கிறது. பரதவர் சாதித் தலைவர் 1806-இல் செய்து ஓட்டிய தேர். அது ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2013-இல் ஓடியது, பிறகு 2023-இல்தான் ஓடியது. அதையும் நான் கலைக்கண்காட்சிக் கணக்கில்தான் வைப்பேன். ஆனால் இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய கண்காட்சி எது என்று கேட்டால், சுவரும் டிக்கெட்டும் இல்லாத குலசேகரன்பட்டினத்துத் தசராவை, எங்கள் வாயில் குலசை தசராவைத்தான் சொல்வேன். அதைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. அதுவே வாசலுக்கு வந்து தட்டை நீட்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக: நினைத்த காரியம் நடந்தால் இன்ன வேஷம் கட்டுகிறேன் என்று முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். விரதம் இருந்து, கொடியேறிய பிறகு காப்புக் கட்டி, வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். வாங்கிய காசு பத்தாம் நாள் கோயில் உண்டியலில் விழும். மறுநாள் காப்புக் களைவார்கள். நான்கு வரியில் முடிந்துவிடுகிற விஷயம். அதற்குள் எத்தனை பேருடைய கைவேலை இருக்கிறது என்பதுதான் என் அக்கறை.

காளி வேஷத்தை எடுத்துக்கொள்வோம். அதுதான் வேஷங்களுக்கெல்லாம் தலை. காளி கட்டுகிறவருக்கு விரதம் கடுமை. நாற்பது நாளுக்குக் குறையாது. வீட்டை விட்டுக் குடிலில் தங்கி, தானே பொங்கி, ஒருவேளை சாப்பிடுகிறவர்கள் உண்டு. வேஷத்துக்கு வேண்டிய சாமான்கள் குலசையிலும் உடன்குடிப் பக்கத்திலும் முன்கூட்டியே தயாராகத் தொடங்கிவிடும். கிரீடம் கெட்டி அட்டையில் வெட்டி அடுக்கடுக்காக ஒட்டுவது. அதன்மேல் தங்கத்தாள், கண்ணாடிச் சில்லு, பாசிமணி, சமிக்கி. தோளுக்குக் கீழே இடுப்புவரை தொங்கும் சடாமுடி, தனியாகக் கட்டும் கோரைப்பல், தொங்கும் நாக்கு, மண்டையோட்டு மாலை, சிவப்புப் பட்டு, காலில் சலங்கை. முதுகுப் பக்கத்திலிருந்து விரியும் கூடுதல் கைகள்.

எல்லோரும் காளியை முன்னால் நின்று பார்க்கிறார்கள். இப்போது செல்போன் படம் வேறு வந்துவிட்டதால், முன்பக்கம் மட்டும் வேஷமாகிவிடுகிற ஆபத்தும் வந்திருக்கிறது. நான் பின்னால் போய் நின்று பார்க்கிற கட்சி. கைகளைத் தாங்கும் பலகை முதுகில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் முதுகுக்கும் நடுவில் பழைய வேட்டியை மடித்து வைத்திருக்கிறார்களா, துணிப்பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் எப்படி முடிந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவர் கட்டினால் பாரம் இடுப்பில் இறங்கும். தெரியாதவர் கட்டினால் முழுப் பாரமும் கழுத்தில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் காளி கூன் போட்டுவிடுவாள். கூன் விழுந்த காளியை யார் கும்பிடுவது? இந்தக் கட்டு வேலைக்கு எந்த விழா மேடையிலும் சால்வை போர்த்தியதாக நான் கண்டதில்லை. வேஷக்காரரின் மச்சானோ தம்பியோ கட்டிவிட்டு, வியர்வை துடைக்கும் துண்டோடு பின்னாலேயே நடந்து வருவார்.

முகப்பூச்சு தனிக் கதை. கூத்து மேடைக்குப் பழகிய கை என்றால் முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து அடித்தளம் போட்டு, அதன்மேல் வண்ணம் ஏற்றும். இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது தாங்கும். அவசரத்துக்குக் கடையில் வாங்கிய சாயத்தை அப்பினால் மத்தியானத்துக்குள் புருவம் கன்னத்துக்கு வந்துவிடும். நல்ல முகத்தில் கண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கண்ணை மட்டும் பெரிதாக வரைவதில்லை. கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளையை அளவாக விட்டு, கீழிமைக்கு அடியில் கறுப்பை இறக்குவார்கள். இருட்டில் தீச்சட்டி வெளிச்சம் கீழிருந்து அடிக்கும்போது அந்தக் கறுப்புக் கோடு வேலை செய்யும். பகல் போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிற முகம் ராத்திரியில் எழுந்து நிற்பதும், பகலில் கச்சிதமாக இருந்த முகம் ராத்திரியில் செத்துப்போவதும் இதனால்தான்.

இவ்வளவு கட்டி, இவ்வளவு பூசி, காளி என்ன செய்கிறாள்? பலசரக்குக் கடை வாசலில் நின்று, "தாயே, முத்தாரம்மனுக்குக் காணிக்கை" என்று கேட்கிறாள். ராஜா கேட்கிறார். சிவபெருமான் கேட்கிறார். போலீஸ் இன்ஸ்பெக்டர் விசிலை ஊதி லாரியை நிறுத்தி, கேஸ் போடாமல் தட்டை நீட்டுகிறார். இந்த வேஷங்களின் அழகு பூர்த்தியாவது இந்தக் கேட்கிற இடத்தில்தான் என்பது என் துணிபு. மேடையில் ராஜா ராஜாவாக மட்டும் இருக்கலாம். இங்கே கிரீடத்துக்குக் கீழே ஒரு கை நீளுகிறது. ஊரில் நாலு காசு உள்ளவர், பஸ் வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்தவர் என்று யாரானாலும் வேஷம் கட்டிவிட்டால் பிறத்தியார் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த நீட்டும் கையில் கூச்சம் தெரியக் கூடாது, மிரட்டலும் தெரியக் கூடாது. அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. விரதம் இருந்த கைக்கு வருகிறது.

எதிரில் நிற்பவருக்கும் இதில் பங்குண்டு. கதவைத் திறந்த கிழவிக்கு, நிற்பது கீழத்தெரு ஆச்சி பேரன் என்று நன்றாகத் தெரியும். போன வாரம் அவனை, "ஏலே, கூறுகெட்டவனே" என்று ஏசியிருப்பாள். இப்போது, "வா தாயே" என்கிறாள். குழந்தை அவள் சேலைக்குப் பின்னால் ஒளிகிறது; அவளோ காளியின் காலைத் தொடுகிறாள். அதே வாசல்படியில் பயமும் பணிவும் ஒருசேர நிற்கிறதென்றால் வேஷம் தேறிவிட்டது. இதற்கு மேல் ஒரு நடுவர் குழு வேண்டுமா?

அம்மனும் இந்தப் பத்து நாளும் வேஷம்தான் கட்டுகிறாள். முதல் நாள் துர்க்கையாகச் சிம்ம வாகனத்தில், மூன்றாம் நாள் பார்வதியாக ரிஷபத்தில், ஐந்தாம் நாள் நவநீதகிருஷ்ணனாகக் காமதேனுவில், ஏழாம் நாள் ஆனந்த நடராஜராகப் பூஞ்சப்பரத்தில், ஒன்பதாம் நாள் கலைமகளாக அன்னத்தில். ஆண் வேஷத்தையும் அவள் விட்டுவைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேலை கட்டிய மீசைக்காரர்களின் ஊரில் அம்மன் கிருஷ்ணனாகவும் நடராஜராகவும் வீதி வருகிறாள். கோயிலுக்கு உள்ளே ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தச் சிலையைக் குமரி மாவட்டத்து மைலாடியில் ஓர் ஆசாரி செதுக்கினார், கனவில் வந்த உத்தரவுப்படி, என்கிறது தலக்கதை. கல்தச்சர்களுக்குப் பேர்போன ஊர் மைலாடி. அட்டையும் தங்கத்தாளுமாகக் கட்டும் இந்தத் திருவிழாவுக்கு மூலம் ஒரு கல்வேலைக்காரரின் கனவில் இருக்கிறது.

கண்ணூர், காசர்கோடு பக்கத்துத் தெய்யத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. முடியின் பிரம்மாண்டத்திலும் முகத்தெழுத்தின் நுணுக்கத்திலும் தெய்யம் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தெய்யம் கட்டும் உரிமை வண்ணான், மலையன் முதலான குறிப்பிட்ட சமூகங்களின் பரம்பரைச் சொத்து. வேலை பிசகாமல் வருவதற்கு அதுவே காரணம். குலசையில் நேர்ந்துகொண்டவரெல்லாம் கட்டலாம். அதனால்தான் இங்கே தரம் மேடுபள்ளமாக இருக்கிறது. பத்துக் காளியில் ஒரு காளிதான் தேறும். அந்த ஒன்று, நேற்றுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராக இருக்கலாம் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. மைசூர் தசராவுக்கு அடுத்தது குலசை என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. எதற்கு இந்த இரண்டாம் இடம்? 750 கிலோ தங்க அம்பாரியை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டு, சனங்களை ஓரமாக நின்று பார்க்கச் சொல்வது மைசூர். இங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ரப்பர் முகமூடி வந்துவிட்டது. கரடியோ குரங்கோ தலையில் மாட்டினால் முடிந்தது வேஷம். உள்ளே இருப்பவரின் கண்கூடத் தெரியாது. கண் தெரியாத வேஷத்துக்குக் காசு போடலாம், மதிப்புப் போட முடியாது. மேளம் இன்னொரு வருத்தம். மகுடமும் வில்லும் ஒலித்த சீமையில் தசராக் குழுக்கள் பல கேரளத்துச் சிங்காரி மேளத்தை இறக்குகின்றன. அது நல்ல வாத்தியந்தான், ஆனால் பக்கத்தில் ஒருவர் சலங்கையோடு ஆடுகிறார் என்பதே காதில் விழாமல் அடித்துவிடும். சினிமாப் பாட்டும் அரைகுறை ஆட்டமும் புகுந்து, ஆபாச நடனம் கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. இரும்பு ஆயுதங்களுக்கும் சாதிக் கொடிகளுக்கும் போலீஸ் தடை போட்டிருக்கிறது. அட்டைச் சூலம் பிடித்த காளிக்கு வீரம் குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கை நன்றாக நின்றால் அட்டையே இரும்பாகத் தெரியும்.

கொரோனாக் காலத்தில், 2020-இலும் 2021-இலும், பத்தாம் நாள் சூரசம்ஹாரம் கூட்டமில்லாமல் கோயிலோடு முடிந்தது. அப்போது இந்தச் சாலை வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, பார்வையாளர் இல்லாத வேஷம் என்று ஒன்று கிடையாது என்பது விளங்கியிருக்கும்.

காளியைப் புகழ்ந்து பக்கத்தை நிரப்பிவிட்டேன். என் மனசுக்குப் பிடித்தவை சின்ன வேஷங்கள். கிரீடமும் இல்லை, எட்டுக் கையும் இல்லை. கிழிந்த வேட்டியும் கரி பூசிய கன்னமும் உள்ள பிச்சைக்காரன் வேஷம், குறத்தி வேஷம், பைத்தியக்காரன் வேஷம். ஒருமுறை கல்லாமொழிப் பக்கம் ஒரு கிழவி வேஷத்தைப் பார்த்தேன். நாற்பது வயசு ஆள். ஒரு பழைய நூல்சேலை, ஒரு கம்பு, ஒரு சுருக்குப்பை. முகத்தில் பூச்சே கிடையாது. சாலையைக் கடக்கும்போது பாதி தூரம் போய், வண்டி வருகிறதா என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து, மறுபடி போனார். வாங்கிய காசைச் சுருக்குப்பையில் போட்டு முடிச்சிட்டு, இடுப்பில் செருகி, செருகிய இடத்தை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு தட்டு எந்த நாடகப் பள்ளியிலும் பாடம் கிடையாது. அவருடைய அம்மாவோ ஆச்சியோ அப்படித் தட்டியிருப்பார்கள்.

ஆலந்தலை கத்தோலிக்க மீனவ ஊர். 1544-இல் சவேரியார் இங்கிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். திரு இருதயக் கெபிக்கு வரும் கூட்டம் ஒரு பக்கம், செந்தூர் முருகனுக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், நடுவில் காளி நடந்து போகிறாள். கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்த கை, விலக்கில் நின்ற காளியின் தட்டிலும் பத்து ரூபாய் போட்டதைப் பார்த்திருக்கிறேன். மத நல்லிணக்கம் என்று மைக் பிடிக்க நான் வரவில்லை. நல்ல வேஷம் எதிரே வந்தால் கை தானாகப் பைக்குள் போகும், அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரைக்குப் போகாதீர்கள். மகிஷாசுரன் தலை மாற்றி மாற்றி வருவதும் அம்மன் சூலத்தால் சாய்ப்பதும் காண வேண்டிய காட்சிதான். ஆனால் லட்சக்கணக்கான தலைகளுக்கு நடுவில் உங்களுக்குத் தெரியப்போவது முன்னால் நிற்பவரின் பிடரி. ஆறாம் நாள், ஏழாம் நாள் வாருங்கள். அதற்குள் வேஷம் உடம்போடு ஒட்டியிருக்கும், களைப்பு இன்னும் முகத்துக்கு ஏறியிருக்காது. திருச்செந்தூரில் இறங்கி, தெற்கே போகும் டவுன் பஸ் பிடித்து ஆலந்தலை விலக்கிலோ கல்லாமொழியிலோ இறங்கிக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்து, முழு இருட்டு ஆவதற்கு முந்திய நேரம் நல்லது. இரண்டு வெளிச்சத்திலும் முகத்தைப் பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன்னால் தட்டில் போடுங்கள். நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு காளியிடம் மீதி கேட்க முடியாது. பத்து, இருபதாக மாற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.