விண்வெளியும் நமது வாழ்த்துப் பாக்களும்

ரொக்கெட் ஒன்று வெற்றியுடன் விண்ணேறிவிட்டால் அந்த வாரத்து ஞாயிறு மலர்கள் கவிதைகளால் நிரம்பி வழிகின்றன. அது கடலில் வீழ்ந்துவிட்டாலோ ஓர் அடியும் வருவதில்லை. விண்வெளி பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை வாழ்த்துப் பாக்களே என்றால் அது மிகையாகாது. 2019இல், யப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய 'இராவணா-1' என்னும் சிறு செய்மதி பூமியைச் சுற்றத் தொடங்கியது. அது என்ன செய்யும் என்று எழுதியோர் சிலர். இராவணனின் புட்பக விமானத்தைப் பற்றி எழுதியோரே பலர்.

பாட்டுடைத் தலைவனைத் தேடும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆயினும் பரணி என்னும் பழைய பிரபந்தங்கூட, வென்றவனைப் பாடினாலும், தோற்றவனின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்றைய விண்வெளிப் பரணிகளில் தோல்விக்கு அந்த இடமும் இல்லை.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நமது பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் அடிக்கடி வழங்கப்படும் நூல். மாணவர் அதில் தேடுவது ஊக்கமொழிகளை. பேச்சுப் போட்டிகளில் ஒலிப்பவையும் அவையே. நம் கருத்தில் அந்நூலின் உயிர்ப்பான பகுதி வேறு. 1979 ஓகஸ்ட் 10ஆம் நாள் ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி.-3, 317 செக்கன்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் அடுக்கின் திசையை ஆளவேண்டிய நைத்திரிக் அமிலம் ஒரு வால்வின் வழியே கசிந்து போயிருந்தது. ஏவுமுன்னரே தெரிந்த அக்கசிவை அற்பமென மதித்தது தமது பிழையே என ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து கூறியதை அவர் ஒளிக்கவில்லை. வால்வு, அமிலம், ஒரு மனிதனின் தவறான மதிப்பீடு: இவையல்லவா நல்ல உரைநடைக்கு உரிய பொருள்கள்? குறையொன்றும் சொல்லியாக வேண்டும். மேற்கோட் கவிதைகளும் தெய்வ நினைவும் அடிக்கடி குறுக்கிடுவதால், இந்தக் கணக்கைத் தொடர்ந்து வாசிக்கும் பொறுமை இளம் வாசகனிடம் வளராமற் போகிறது.

2019 செப்டம்பர் 7ஆம் நாள், மெல்ல இறங்கவேண்டிய சந்திரயான்-2இன் 'விக்ரம்' நிலவில் மோதிச் சிதைந்தது. தொலைக்காட்சி சிவனின் கண்ணீரைக் காட்டிற்று. பத்திரிகைகளும் கண்ணீரையே எழுதின. கண்ணீர் இயல்பானதே. ஆனால் 2023 ஓகஸ்ட் 23இல் வெற்றியைத் தந்தது கண்ணீரன்று. 500 மீற்றர்ச் சதுரமாயிருந்த இறங்கிடம் நான்கு கிலோமீற்றர் நீளமும் இரண்டரைக் கிலோமீற்றர் அகலமுமாக விரிக்கப்பட்டது, ஐந்து இயந்திரங்கள் நான்காயின, கால்கள் வலுப்பெற்றன. நமது எழுத்தாளர்களோ, திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தவர், புகையிரதத் தொழிலாளியின் மகன் என்பதோடு நிறைவடைந்தனர். அந்த மகிழ்ச்சி நமக்கும் உண்டு. ஆனால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடுவதுதான் வருத்தம்.

2025 ஜனவரி 16இல் ஸ்டார்ஷிப் விண்கலம் சிதறி, கரிபியன் தீவுகளின் மேல் துண்டங்கள் பொழிந்தன. இலாபமே குறியான ஸ்பேஸ்எக்ஸ் கம்பனிகூட, அரசாங்கம் விசாரணை கோரிய நிலையில், எதிர்பார்த்ததினும் பன்மடங்கு வலிய அதிர்வு கசிவை உண்டாக்கிற்றென எழுதி வெளியிட்டது. மக்கள் பணத்தில் இயங்கும் இந்திய நிறுவனமோ? அவ்வாண்டு மே 18இல் பி.எஸ்.எல்.வி. சி-61 மூன்றாம் அடுக்கில் அமுக்கம் குறைந்து தோற்றது. ஆய்வுக் குழுவின் அறிக்கை மக்கள்முன் வைக்கப்படாமலே 2026 ஜனவரி 12இல் அடுத்த பி.எஸ்.எல்.வி. ஏவப்பட்டது, அதுவும் மூன்றாம் அடுக்கிலேயே தடம் புரண்டது.

இவையெல்லாம் ஊவாத் தோட்டத்து மாணவனுக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. சி-61 இழந்த ஈ.ஓ.எஸ்.-09 ஒரு ராடர்ச் செய்மதி. இரவிலும், முகிலினூடும் தரையைக் காண வல்லது. மழைக்காலத்தில் நமுனுகுல மலையை நாம் பார்ப்பதே அரிது. மண் சரிவதும் அக்காலத்திலேதான். 2025 ஜூலை 30இல் விண்ணேறிய இந்திய, அமெரிக்கக் கூட்டுப் படைப்பான நைசார், பன்னிரண்டு நாட்களுக்கொரு முறை அதே நிலத்தைப் பார்த்துச் சென்ரிமீற்றர் அளவு அசைவையும் கண்டறியக் கூடியது. இச்செய்தி எத்தனை லயங்களை எட்டியிருக்கும்?

கருவியின் கண் மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணிற் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அது காணியாகவும் வீடாகவும் மாறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் உடைத்தபோதும் 'இயற்கையின் சீற்றம்', 'விதியின் விளையாட்டு' என்ற தொடர்களே நம் செவிகளில் விழுந்தன. வெற்றிக்குத் தலைவனைத் தேடும் அதே பேனா, தோல்விக்கு விதியைத் தேடுகிறது. எந்த வால்வு என்று கேட்கப் பழகாதவன், எந்த அலுவலகம் என்றும் கேட்கமாட்டான்.

மீரியபெத்தையின் எச்சரிக்கை எந்த மேசைவரை சென்றது, எவரது கையொப்பமின்றி நின்றது, மாற்றுக் காணி எவர் வசமிருந்தது என்று தேடி எழுத ஒரு நாவலுக்குரிய பொருள் இம்மலைகளிற் கிடக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அன்று உயிர் தப்பியோரும் தொலைவில் இல்லை.