சங்கம், சபை, மாமன்றம்: பெயர்களில் ஒரு குழப்பம்

கிறித்தவ வரலாறு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், கத்தோலிக்க வழக்கையொட்டி, ‘கவுன்சில்’ என்பது சங்கம் என்றும் ‘சினாடு’ என்பது மாமன்றம் என்றும் எழுதப்படுகின்றன. இரண்டும் நிலைபெற்ற வழக்குகளே. ஆயினும் விளக்கமின்றி வரும்போது மாணவர் பொருளைத் தவறாகக் கொள்ள இடமுண்டு.

காஞ்சிபுரத்தில் சங்கம் என்றால் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே முதலில் நினைவுக்கு வரும். அது உறுப்பினர், பங்குத்தொகை, நிர்வாகக் குழு கொண்ட நிலையான அமைப்பு. வத்திக்கான் சங்கம் அத்தகையதன்று. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபர் 11 அன்று தொடங்கி, 1965 டிசம்பர் 8 அன்று நிறைவுற்றது. 325இல் கூடிய நிசேயா சங்கமும் முடிவெடுத்துக் கலைந்ததே. மாமன்றமோ இன்று மாநகராட்சி உறுப்பினர்களின் அவையையும் குறிக்கிறது. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கும் அப்படியோர் அவை உண்டு.

இம்மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) இக்குழப்பம் இல்லை. ஊரை ஆண்ட நிலையான அமைப்பு சபை. குடவோலை முறையில் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு வாரியம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என அதன் பணியும் பெயரிலேயே விளங்கும். ‘திருச்சபை’ என்பதிலும் சபை நிலையான அமைப்பையே சுட்டுகிறது.

எனவே ‘பொதுச்சங்கம்’ என்று எழுதுவது ஓரளவு உதவும். முதன்முறை குறிப்பிடும்போது கூடியவர் யார், கூடிய ஆண்டு எது என்பதையும் சேர்க்கலாம். அது கூடிக் கலைந்ததா, நிலைத்து இயங்குவதா என்பது கட்டுரையின் முதல் வரியிலேயே தெரியவேண்டும்.