சாய்மனைக் கதிரையும் தடி கோர்த்த சேலையும்

யாழ்ப்பாணத் தீவகத்துப் பழைய வீடுகளில் இன்றைக்கும் ஆள் இருக்கிற பழங்கதிரை பெரும்பாலும் சாய்மனைதான். பிரம்பு பின்னிய கதிரைகள் கோடிப்புறத்தில் கிடக்கும். சட்டம் முதிரையோ தேக்கோ, இருக்கை ஓட்டை. இரண்டும் ஒரே காலத்துத் தச்சு வேலை. ஒன்று தப்பியதற்குச் சிக்கனம், மரபு என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கையை மாற்ற வெளியாள் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் விஷயம்.

இந்தியாவில் ஆள் உண்டு. பிரம்பு பின்னுவது அங்கே பார்வையற்றோருக்கு நெடுங்காலமாகக் கற்றுக்கொடுத்த தொழில். அரச அலுவலக நாற்காலிகளை அவர்கள் பின்னிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுச் சிறுநகரக் குஷன் கடைக்காரர் பழைய சோபாவைப் பிரித்து மறுபடி கட்டித் தருவார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த நாற்காலிகள் பழசு என்பதாலேயே விலை ஏறி நிற்கின்றன. ஜோத்பூரில் இது ஏற்றுமதி வியாபாரம். பழைய சேலைகளையும் வங்காளத்துக் கந்தா போர்வைகளையும் வெட்டி, ஒட்டுப்போட்டு, நாற்காலிக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். ஒட்டு வெளியே தெரிந்தால்தான் அங்கே காசு.

தீவகத்தில் ஆளைத் தேடித்தான் போக வேண்டும். ஊர்காவற்றுறைக்காரர் கதிரையை லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தில் ஏற்றிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் கொண்டுபோகலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். நெடுந்தீவென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பிரம்போ தெற்கின் ஈரவலயத்துச் சரக்கு. கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலைக்குப் பேர்போனது. போரால் 1990 முதல் 2002 வரை தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி அடைபட்டுக் கிடந்தபோது அறுந்த பிரம்பு அறுந்தபடியே இருந்தது. அந்த 1990, 91 காலத்தில்தான் தீவகச் சனம் இடம்பெயர்ந்ததும். பிறகு கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்கள் போக, வீடு பார்ப்பவரின் கையில் எஞ்சியவை வெறும் சட்டங்கள்.

சாய்மனைக்கு இதெல்லாம் பொருட்டில்லை. நீளத்துணி ஒன்று, இரு முனையிலும் மடித்துத் தைத்த உறை, உறைக்குள் ஒவ்வொரு தடி. ஆணி இல்லை, பசை இல்லை. கன்வஸ் கிழிந்தால் பழைய நூல் சேலை போதும். ஆனால் சேலையின் நீளவாக்கு இழை கதிரையின் நீளவாக்கில் ஓட வேண்டும். மாறி வெட்டினால் கெதியாகத் தொய்ந்து, இருப்பவரின் முதுகு குழிக்குள் போய்விடும். இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் அகலத்தில் இரண்டாக மடித்து, ஒன்றைப் புரட்டி மற்றதன்மேல் வைத்தால் நாலு அடுக்கு; கரையும் இரு ஓரத்திலும் விழும், ஓரம் கிழியாது. சணல் சாக்கு இன்னும் உறுதி, ஆனால் உடம்பைச் சுணைக்கும். மேலே பழைய வேட்டி ஒன்றைப் போட்டுத் தைத்தால் சரி. இப்போதைய மாப் பைகள் பிளாஸ்டிக் இழை: வழுக்கும், வெயிலில் பொடிந்து உதிரும். தறப்பாளில் சாய்ந்தால் முதுகு வியர்த்து ஒட்டிக்கொள்ளும், அதைக் கதிரைக்குப் போடாமல் கூரைக்கே விட்டுவிடலாம். ஆளின் பாரம் முழுக்க அந்த இரண்டு உறைத் தையலில்தான் விழுகிறது. அங்கே மூன்று வரியாவது ஓட்ட வேண்டும். கரையோர ஊர்களில் வலை பொத்தும் நைலோன் நூலுக்குப் பஞ்சமில்லை.

அழகு என்று கேட்டால் ஜோத்பூர் நாற்காலிக்குத்தான் என் வாக்கு. ஆனால் துணியைச் சட்டத்தோடு ஸ்டேப்பிள் ஊசி அடித்து இறுக்கிவிடும் பாணி தீவுக்கு ஒத்துவராது. உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்துக் கறை இறங்கும், கழற்றித் துவைக்கவும் வழியில்லை. தீவுகளில் விடுதி போடுகிறவர்கள் அந்த ஒட்டுச்சேலை வேலையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், தடி கோர்க்கிற உறையாக மட்டும் தைக்கட்டும். கதிரைக்கு இரண்டு துணி வைத்திருந்தால் ஒன்று கொடியில் காயும்போது மற்றது பாவனையில் இருக்கும்.