கடலைப் பார்த்து நட

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அண்ணாமலையைப் பார்த்தே திசை சொல்லிப் பழகியவர்களுக்குத் தரங்கம்பாடியில் வழி தப்பாது. அங்கே மலையின் வேலையைக் கடல் செய்கிறது. 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நகரவாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேரே கிழக்கே ஓடும். சீயோன் தேவாலயம், மிஷனரி சீகன்பால்குவின் 1718-ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயம், தூண் வைத்த திண்ணை வீடுகள், எல்லாம் இந்த ஒரே தெருவில். குறுக்குச் சந்துகளில் தாராளமாகத் திரும்பலாம்; உப்புக்காற்று முகத்தில் படும் பக்கம்தான் கிழக்கு. இத்தனை தெளிவாகத் தெரு போட்டவர்களை மனமாரப் பாராட்டத் தோன்றுகிறது. தெரு முடியும் இடத்தில் மைதானம், 1620-இல் தொடங்கிய டேனிஷ் கோட்டை. கடலைப் பார்த்து நின்று இடப்பக்கம் கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். கோட்டைக்கு மூன்று நூற்றாண்டு மூத்த பாண்டியர் பணி அது, அவசியம் பாருங்கள்.